சத்தம் போடாத ஈயம்

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கமா வச்சுக்கிடுங்க சார். இந்த மஞ்சப்பைல இருக்கது ஈயம். செங்கல் அளவுக்கு ஒரே ஒரு கல்லுதான், ஆனா பதினோரு கிலோ. பஸ்சு பள்ளத்துல குதிச்சு இது உங்க கால்ல சாஞ்சுதுன்னா, தென்காசிக்கு டிக்கெட் எடுத்த நீங்க பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியோட நின்னுருவிய.

கண்டக்டர் பைல என்னன்னு கேட்டாரு. வேட்டி துணின்னு சொல்லி வச்சிருக்கேன். இல்லன்னா லக்கேஜ் போட்டுருவாரு. வேட்டி துணியை ரெண்டு கையால தூக்கிக்கிட்டு, மூச்சு வாங்கிக்கிட்டு ஏறுத ஆளை அவரு இப்பத்தான் பாக்காரு போல. ஒரு மாதிரி பாத்துட்டுப் போயிட்டாரு. இந்த வெயிலு வேற சரியா என் காதுலயே வந்து அடிக்கி, ஒரே ஊறலு.

எம்பேரு தங்கப்பழம். தூத்துக்குடில பழைய இரும்புக்கடை வச்சிருக்கேன். முப்பத்தஞ்சு வருஷமா யாவாரம். கண்ணைக் கட்டி விட்டுட்டு ஒரு துண்டைக் கையில குடுங்க, செம்பா பித்தளையா அலுமினியமான்னு சொல்லிருவேன். தட்டிப் பாப்பேன், நகத்தால கீறிப் பாப்பேன், ரொம்ப சந்தேகமா இருந்தா பல்லுல கடிச்சுப் பாப்பேன். ஈயத்தை மட்டும் கடிக்கக் கூடாது, அது விஷம். இத்தனை வருஷத்துல ஒரு ஆளுகிட்ட ஒரு பொய் சொல்லி ஒரு பொருள் வித்தேன்னு யாரும் சொல்ல முடியாது. என்ன ஊறலு சார் இது, கொசு கடிச்சிருக்குமோ.

எங்க போறேன்னு கேட்டியளே. பாவூர்சத்திரத்துல எறங்கிப் போனா மலையடிவாரத்துல ஒரு ஆராய்ச்சிக்கூடம் இருக்கு. அங்க பூமிக்கு அடில ஒரு ரூமு. ரூமுக்குள்ள ஒரு டிடெக்டர். அதுக்கும் எனக்கும் ஆறு மாசமா ஒரு வழக்கு நடக்கு. மிஷினோட என்னய்யா வழக்குன்னு சிரிக்கிய. நீங்க நெனைக்க மாதிரி சாதாரண மிஷின் இல்ல. அது என்னைக் கேவலப்படுத்தி விட்டுருச்சு. சொல்லுதேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. பாவூர்சத்திரம் வரைக்கும் நேரம் இருக்குல்லா.

போன தை மாசம் ஒரு பிள்ள கடைக்கு வந்துச்சு. பியூலான்னு பேரு, நாசரேத்துப் பக்கம். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கி. ஊசி போடுத டாக்டர் இல்ல, இது வேற. வந்து, அண்ணாச்சி ஈயம் இருக்கான்னு கேட்டுச்சு. இருக்குன்னேன். பழசா இருக்கணும்னுச்சு. எம்மா இது பழைய சாமான் கடை, இங்க எல்லாமே பழசுதான், என்னையும் சேத்துன்னேன். அது சிரிச்சுட்டு, ஒரு எரநூறு வருஷத்துப் பழசு இருக்குமான்னு கேட்டுச்சு.

எனக்கு ஒண்ணும் விளங்கல. என் கடைக்கு வாரவன் எல்லாம், அண்ணாச்சி இது புதுசு மாதிரி இருக்கா, துருப் பிடிக்காம இருக்கான்னுதான் கேப்பான். பழசு வேணும், இன்னும் பழசு வேணும்னு கேட்ட ஒரே ஆளு இந்தப் பிள்ளதான். படிச்சுப் படிச்சு ஏதோ ஆயிருச்சு போலன்னு நெனச்சு ஒரு டீ வாங்கிக் குடுத்தேன்.

அப்புறந்தான் விவரம் சொல்லிச்சு. ஜெர்மானியம்னு ஒரு உலோகம் இருக்காம். என் கடைக்கு இதுவரைக்கும் வந்ததில்ல. அதுல தேங்காச் சிரட்டை அளவுக்கு ஒரு துண்டு. நைட்ரஜனைத் தண்ணியாக்கி ஊத்தி அதைக் குளிரக் குளிர வச்சிருக்காவ. அதுதான் டிடெக்டர். அதோட வேலை என்னன்னா, கேட்டுக்கிட்டே இருக்கது. செவரு, தரை, நம்ம தேரிக்காட்டுச் செவப்பு மணலு, எல்லாத்துல இருந்தும் கண்ணுக்குத் தெரியாம கதிரு வந்துக்கிட்டே இருக்காம். ஒவ்வொண்ணையும் அது எண்ணுது. ஆனா பிள்ளைக்கு வேண்டியது அதெல்லாம் இல்ல. ஏதோ ஒரு அணு இருக்காம், அது உடையுததே அபூர்வமாம். வருஷத்துக்கு ஒண்ணோ ரெண்டோ உடஞ்சாப் பெருசு. அந்த ஒண்ணைக் கேக்கணும். கல்யாண வீட்டுல ஒரு மூலைல ஒருத்தரு மெதுவா இருமுதாரு, அதைக் கேக்கணும்னா மேளத்தை நிப்பாட்டணுமா இல்லையா? அதுக்குத்தான் மிஷினைச் சுத்தி ஈயத்துல செவரு கட்டணுமாம்.

சரி, ஈயந்தானே, ஒரு லாரி தாரேன்னேன். அதான் இல்ல. ஈயமே முணுமுணுக்குமாம். காய்ச்சி எடுத்த புதுசுல உள்ளுக்குள்ள என்னமோ இருந்து கதிரு விடுமாம். இருபத்திரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் அது பாதியா அடங்குமாம். எரநூறு வருஷம் ஆச்சுன்னா பேச்சு மூச்சே இருக்காதாம். அந்த மாதிரி வாயடங்குன ஈயம் முப்பது கல்லு வேணும். ஆவணிக்குள்ள செவரு கட்டி எண்ண ஆரம்பிக்கணும், ஒரு வருஷம் முழுசா எண்ணணும். ஆவணி பொறந்துருச்சுன்னா அந்த ரூமை வேற ஆளுக்குக் குடுத்துருவாவ. பிள்ளையோட நாலு வருஷப் படிப்பு அம்புட்டும் வீணு, வேற தலைப்பு எடுத்து முதல்ல இருந்து படிக்கணும். அதை அது அழுதுக்கிட்டுச் சொல்லல. டீயைக் குடிச்சுக்கிட்டே சாதாரணமாத்தான் சொல்லிச்சு. அதான் எனக்கு மனசுல தைச்சுருச்சு.

உடனே உள்ள போயி ஒரு வலைக்குண்டு எடுத்துட்டு வந்தேன். வலையை முங்க வைக்கக் கட்டுவாவல்லா, அந்த ஈயக்குண்டு. இது எங்க பாட்டன் காலத்துதுன்னு சொல்லிக் குடுத்தேன். பத்து நாள் கழிச்சு வந்துச்சு. அண்ணாச்சி, உங்க பாட்டன் போன வருஷம் வரைக்கும் இருந்தாவளான்னு கேட்டுச்சு. அந்தக் குண்டு புத்தம் புதுசாம். டிடெக்டர் சொல்லிருச்சாம்.

எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. ஏன்னா அது உண்மை. பேட்டரி உடைச்சு நானே காய்ச்சி ஊத்துன குண்டு. சரி, ஏதோ குருட்டாம்போக்குல சொல்லிருக்கும்னு நெனச்சு மூணு பொட்டலம் கட்டினேன். ஒண்ணு பேட்டரி ஈயம், ஒண்ணு பழைய டெலிபோன் கேபிள் மேல சுத்தின ஈயம், ஒண்ணு ஒரு உடஞ்ச தோணில இருந்து வந்தது. எது எதுன்னு பிள்ளைகிட்ட சொல்லல. எனக்கே மறந்து போச்சுன்னேன். மூணையும் சரியாச் சொல்லிருச்சு சார் அந்த மிஷின். தோணி ஈயம் அறுபது எழுபது வருஷம் இருக்கும்னுச்சு. தோணிக்காரருகிட்டயே விசாரிச்சேன், அறுபத்தாறு. ஜாதகம் எழுதுதவன்கூட இம்புட்டுச் சரியா எழுத மாட்டான்.

பாக்கணும்னு ஆசையாப் போச்சு. ஒரு நாள் கடையைச் சாத்திட்டுப் போனேன். செருப்பைக் கழட்டச் சொன்னாவ, வேற ஒரு வெள்ளைச் செருப்பு குடுத்தாவ, தலைக்கு ஒரு குல்லா. கோயிலுக்குள்ள போற மாதிரிதான். டிடெக்டரைப் பாத்தேன். சில்வர் குடம் மாதிரி ஒண்ணு, அதுல இருந்து ஒரு கழுத்து நீட்டிக்கிட்டு இருக்கு. இம்புட்டுத்தானான்னு ஆயிருச்சு. பக்கத்துல போயி நின்னேன். பியூலா கம்ப்யூட்டரைக் காட்டி, அண்ணாச்சி உங்க ஒடம்புல இருந்தும் கொஞ்சம் சத்தம் வருதுன்னுச்சு. மனுசன் திங்குத சோத்துல, வாழைப்பழத்துல எல்லாம் அது இருக்காம். வீட்டுல வந்து சொன்னேன். என் சம்சாரம் செல்லக்கனி, இதைக் கண்டுபிடிக்கவா நைட்ரஜன் ஊத்தி வச்சிருக்காவ, என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லிருப்பேனேன்னா.

புதுக்கோட்டை வந்துருச்சு. இன்னும் நெறைய இருக்கு, தூங்கிராதிய.

வைகாசில எங்க ஊரு மச்சாது சாருன்னு ஒருத்தரு வீட்டை இடிக்க ஆரம்பிச்சாவ. கடற்கரை ரோட்டுக்குப் பின்னால, பெரிய ஓட்டு வீடு. லாட்ஜ் கட்டப் போறாவளாம். நான் சன்னல் கம்பி எடுக்கப் போனேன். மேல ஏறிப் பாத்தா, ரெண்டு கூரையும் சேருத எடத்துல மழைத்தண்ணி ஓட ஒரு வாய்க்கால் மாதிரி விட்டிருக்கான், அது முழுக்கத் தகடு. காக்கா எச்சமும் பாசியும் தாருமா ஒரு அருவருப்பு. நகத்தால கீறினேன். வெண்ணெயா இறங்குச்சு. அடியில வெள்ளி மாதிரி மினுங்குச்சு. ஈயம் சார், ஈயத் தகடு. மச்சாது சாரை வரச் சொல்லி, வீடு எந்த வருஷம் கட்டினதுன்னு கேட்டேன். பத்திரம் வச்சிருந்தாவ. எரநூத்திச் சொச்சம் வருஷம்.

ஒரு துண்டு வெட்டிக் குடுத்தேன். பத்து நாள் வரும், அதுக்கு மேல ஆகாதுன்னு சொன்ன பிள்ள, இருவது நாள் வரல. இருவத்தோராம் நாள் போன் பண்ணிச்சு. அண்ணாச்சி, ஒண்ணுமே கேக்கலன்னுச்சு. நான் போன்ல சத்தம் கேக்கலையாக்கும்னு நெனச்சு, அலோ அலோங்கேன். அது இல்ல அண்ணாச்சி, உங்க ஈயம் ஒண்ணுமே சொல்லல, பத்து நாள் வச்சுப் பாத்தோம், நம்பாம இன்னும் பத்து நாள் வச்சுப் பாத்தோம், அப்படி ஒரு அமைதின்னுச்சு. இந்தப் பக்கம் நானும் செல்லக்கனியும், அந்தப் பக்கம் அந்தப் பிள்ளையுமா சிரிச்சுக்கிட்டே இருந்தோம். என் கடைல பரீட்சைல பாஸான மொதச் சாமான் அதுதான்.

இனிமேத்தான் வழக்கு.

பியூலா படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சு. அண்ணாச்சி, தகடை அப்படியே தாங்க, உருக்கிராதிய, நாங்க அதுக்குன்னு சுத்தமா இருக்க ஒரு பட்டறைல குடுத்துக் கல்லா ஊத்திக்கிடுதோம்னு. நானும் சரி சரின்னுதான் சொன்னேன். ஆனா நீங்களே யோசிங்க. காக்கா எச்சத்தோட ஒரு பொருளை ஆராய்ச்சிக்கூடத்துல கொண்டுபோய் எறக்க முடியுமா? ஒரு பொருள் கை மாறுதுன்னா அதுக்கு ஒரு மொகம் வேண்டாமா? அதுவும் போக, எங்கயோ இருக்க ஒருத்தன் அதை உருக்கி, அவன் கையால கல்லா ஊத்திக் குடுப்பான். கண்டுபிடிச்சது நான், பேரு அவனுக்கு. அது எனக்குப் பொறுக்கல. உள்ளதைச் சொல்லுதேன்.

ஒண்ணும் அஜாக்கிரதையாச் செய்யல. இதுக்குன்னே புதுச் சட்டி வாங்கினேன். என் பழைய சட்டில பேட்டரி ஈயம் காய்ச்சுவேன், அந்த முணுமுணுப்பு ஒட்டிக்கிடும்னு எனக்குத் தெரியாதா? அச்சும் புதுசு. தகடை நல்லாத் தேய்ச்சுக் கழுவி, ஒரு வெள்ளிக்கிழமை காலைல அடுப்பு மூட்டி மொதல் கல்லை ஊத்தினேன். ஆறினப்புறம் கவுத்தேன் பாருங்க. ஒரு ஓட்டை இல்ல, ஒரு சுருக்கம் இல்ல. கண்ணாடி மாதிரி என் மூஞ்சி தெரியுது அதுல. முப்பத்தஞ்சு வருஷத்துல நான் ஊத்தினதுலயே அழகான ஒண்ணு அதுதான் சார்.

என்ன, காய்ச்சினாக் கசடு போகும்லா. அது எல்லாருக்கும் நடக்கதுதான். தகடுல ஒட்டியிருந்த தாரும் மண்ணும் எடைல சேந்திருந்திருக்கு. முப்பது கல்லுன்னு வாக்குக் குடுத்தாச்சு, ஈயம் பத்தல. வாக்கு முக்கியமா இல்லையா? கடைசி ரெண்டு சட்டில மட்டும் கொஞ்சம் பேட்டரி ஈயம் விட்டு நெரவுனேன். கலப்படம்னு சொல்லாதிய. குழம்பு பத்தலைன்னா செல்லக்கனி கொஞ்சம் வெந்நி விட மாட்டாளா, அந்த மாதிரி. முப்பதும் ஒண்ணு போல இருந்துச்சு. பாலிஷ் போட்டு, ஒவ்வொண்ணையும் வெள்ளைத்தாள்ல சுத்தி, சின்ன யானைன்னு சொல்லுத லோடு வண்டில ஏத்தி நானே கூடப் போயி எறக்கினேன்.

பிள்ள பேப்பரைப் பிரிச்சுப் பாத்துச்சு. உருக்கிட்டியளா அண்ணாச்சின்னு மட்டும் கேட்டுச்சு. ஆமா, எப்படி இருக்குன்னேன். அழகா இருக்குன்னுச்சு. மொகம் வெளுத்துப் போச்சு. நான் அதைச் சந்தோசம்னுல்லா நெனச்சேன்.

பன்னண்டு நாள் கழிச்சு கடைக்கு வந்துச்சு. ரெண்டு கல்லை டிடெக்டருக்குப் பக்கத்துல வச்சுப் பாத்திருக்காவ. ஒண்ணு அமைதி, ஒண்ணு ஒரே கூச்சலாம். பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தார சாரு அம்புட்டையும் திருப்பி அனுப்பச் சொல்லிட்டாராம். ஒவ்வொரு கல்லாச் சோதிச்சுப் பாக்கலாம்னா ஒண்ணுக்குப் பத்து நாளு, முப்பதுக்கு முந்நூறு நாளு. ஆவணி பொறக்க மூணு வாரந்தான் இருக்கு. அந்தப் பிள்ள என்னை ஒரு வார்த்தை வையல. என் எதுக்க ஸ்டூலைப் போட்டு உக்காந்து, அண்ணாச்சி, புது ஈயம் எதுவும் கலந்தியளான்னு கேட்டுச்சு.

நான் ஏன் கலக்கேன்? மிஷின்ல கோளாறு இருக்கும், கரண்டு கூடக் குறைய வந்திருக்கும், பாத்தியளான்னேன்.

அப்பதான் அது சொல்லிச்சு. "அண்ணாச்சி, நீங்க பொய் சொல்லும்போது உங்க கை காதுக்குப் போவுது. பாட்டன் காலத்து வலைக்குண்டுன்னு சொன்ன அன்னைக்கே பாத்துட்டேன். இப்பவும் காதுலதான் இருக்கு."

பாத்தா, காதுலதான் சார் இருக்கு. ரெண்டு வெரலால காது நுனியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். வெடுக்குன்னு கையை எடுத்தேன். பிள்ள எழுந்திருச்சு, வாரேன் அண்ணாச்சின்னு சொல்லிட்டுப் போயிருச்சு.

செல்லக்கனிகிட்டக் கேட்டேன், இது உனக்குத் தெரியுமாடீன்னு. கல்யாணம் ஆன மூணாம் நாள்ல இருந்து தெரியும்னா. ஏன் சொல்லலன்னேன். சொன்னா நீங்க கையைக் கட்டிக்கிட்டுப் பேசப் படிச்சிருவிய, அப்புறம் எனக்கு எப்படித் தெரியும்னா. முப்பத்திரண்டு வருஷமா ஒரு வீட்டுக்குள்ளயே டிடெக்டர் வச்சிருக்கா சார், நைட்ரஜன் இல்லாம, ஒண்ணும் இல்லாம.

இது திருநெல்வேலியா? பத்து நிமிசம் நிப்பான். எறங்கி ஏதும் குடிக்கியளா? நான் வரல. பையை விட்டுட்டு எப்படி வர? நீங்க பாத்துக்கிடுவிய, இருந்தாலும் வேண்டாம்.

சரி, விட்ட எடத்துல இருந்து சொல்லுதேன். அன்னைக்குச் சோறு எறங்கல. பொய் சொன்னதுக்காக இல்ல. யாவாரத்துல முன்னப்பின்ன இருக்கும். அந்தப் பிள்ள வையாமப் போச்சே, அதுதான். என்னை நாலு வார்த்தை கேட்டுருந்தா நானும் நாலு கேட்டுட்டுப் படுத்துத் தூங்கிருப்பேன். காலைல மொதப் பஸ்சைப் பிடிச்சு அங்க போயி நின்னேன். அவுக சாரு, இன்னும் நாலஞ்சு பிள்ளைக எல்லாரும் இருந்தாவ. அவ்வளவு பேரு முன்னால, கலந்தேன்னு சொன்னேன். கடைசி ரெண்டு சட்டி, பத்துக் கல்லுன்னு சொன்னேன். எந்தப் பத்துன்னு சாரு கேட்டாரு. பாலிஷ் போட்டப்புறம் கலந்து அடுக்கிட்டேனே, பாத்தாத் தெரியாது. ஆனா கீறினாத் தெரியும்னேன்.

அது எப்படின்னா, பேட்டரில போடுத ஈயத்துல வேற ஒண்ணு சேப்பாவ, கெட்டியா இருக்கதுக்கு. அதனால நகம் எறங்காது, தட்டினாக் கொஞ்சம் கணீர்னு இருக்கும். பழைய தகடு அப்படி இல்ல. நகம் எறங்கும், தட்டினா அரிசி மூட்டையைத் தட்டின மாதிரி மொத்துன்னு இருக்கும். முப்பது கல்லையும் வரிசையா வைக்கச் சொன்னேன். கையுறை போடச் சொன்னாவ. கையுறை போட்டா நகம் எப்படிக் கீறும்னேன். சாரு யோசிச்சுட்டு, சோப்புப் போட்டு மூணு தரம் கழுவிட்டு வாங்கன்னாரு. உக்காந்தேன். கீறினேன், தட்டினேன், இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னு பிரிச்சேன். முக்காமணி நேரம். நல்லது இருவது, கெட்டது பத்து.

சாரு நம்பல. நல்லதுல ஒண்ணும் கெட்டதுல ஒண்ணுமா எடுத்து மிஷினுக்குப் பக்கத்துல வச்சாரு. கெட்டது ஒரே நாள்ல கத்திருமாம், நல்லதுக்குத்தான் பத்து நாளு. பதினோரு நாள் கழிச்சு என்னைக் கூப்பிட்டு விட்டாவ. நான் சொன்னதும் மிஷின் சொன்னதும் ஒண்ணு. பிள்ளைக எல்லாம் கை தட்டுதுக. சாரு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, இங்க ரெண்டு டிடெக்டர் இருக்கு, ஒண்ணு ஜெர்மானியம், இன்னொண்ணு அண்ணாச்சின்னாரு. என் வாழ்க்கைல இம்புட்டுப் பேரு எனக்குக் கை தட்டினதில்ல. என் கல்யாணத்துக்கே இம்புட்டுப் பேரு வரல.

அப்பத்தான் பியூலா செவரோட படத்தை விரிச்சுப் பாத்துட்டுச் சொல்லிச்சு. முப்பது இல்லன்னாலும், மிஷினைத் தொட்டாப்புல இருக்க உள்செவருக்காவது இருவத்தோரு நல்ல கல்லு கட்டாயம் வேணும். இருவதுதான் இருக்கு. வெளிச்செவருக்குச் சாதாரண ஈயம் போதும், ஆனா உள்ள ஒரு ஓட்டை இருந்தா, கதவைச் சாத்திட்டு சன்னலைத் தொறந்து வச்ச மாதிரி. பிள்ள என்னைப் பாத்து, அண்ணாச்சி, இந்தத் தகடுல ஊத்தின கல்லு வேற எதுவும் கடைல இருக்கான்னு கேட்டுச்சு.

இல்லன்னேன்.

நீங்க கேக்கலாம், கசடு போயித்தானே ஈயம் பத்தலன்னு சொன்னீருன்னு. கசடும் போச்சு. கசடு மட்டும் போகல. அந்த மொதல் கல்லு இருக்குல்லா சார், மூஞ்சி தெரிஞ்ச கல்லு, அதை நான் வண்டில ஏத்தல. கடைல கல்லாப்பெட்டி மேல வச்சிருந்தேன். விக்கதுக்கு இல்ல. எனக்குப் பிடிச்சுப் போச்சு, அவ்வளவுதான். எரநூறு வருஷமா மழைல கெடந்து, வாயடங்கி, ஒரு முணுமுணுப்பு இல்லாம ஒரு பொருளு. மத்தியானம் யாரும் இல்லாத நேரம் அது மேல கையை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். முப்பது கேட்டாவ, முப்பது குடுத்துட்டேன், இது என்னோடதுன்னு நெனச்சேன். அந்த ஒண்ணுக்காகத்தான் ஒரு கல்லு கூடுதலா நெரவ வேண்டியதாச்சு.

இதை அவ்வளவு பேரு கை தட்டிக்கிட்டு இருக்கும்போது எப்படிச் சொல்ல? இப்பத்தானே டிடெக்டர்னு சொன்னாவ. அதனால இல்லன்னேன். கை காதுக்குப் போயிரக் கூடாதுன்னு ஞாபகம் வச்சுத்தான் சொன்னேன் சார். பல்லைக் கடிச்சுக்கிட்டு, கையை இடுப்போட ஒட்டி வச்சுக்கிட்டுச் சொன்னேன். சொல்லி முடிச்சுப் பாத்தா கை காதுல இருக்கு. எப்பப் போச்சுன்னு தெரியல.

பியூலா பாத்துச்சு. என் காதைப் பாத்துச்சு, என் மூஞ்சியைப் பாத்துச்சு. எல்லாரு முன்னாலயும் சொல்லியிருக்கலாம். சொல்லல. "சரி அண்ணாச்சி, இதே போதும். நீங்க இம்புட்டுத் தூரம் வந்ததே பெருசு"ன்னு சொல்லிட்டு, அந்த ஓட்டைல ஒரு கெட்ட கல்லை எடுத்து வச்சுச்சு. ஓட்டைக்கு எதுக்க வாரதை எல்லாம் கணக்குல இருந்து தள்ளிருவோம், என்ன, நாம தேடுதது அந்தப் பக்கமா வந்துச்சுன்னா அதையும் சேத்துத் தள்ள வேண்டியது வரும்னு ஒரு பிள்ளைகிட்ட மெதுவாச் சொல்லிச்சு. எனக்குக் கேட்டுருச்சு.

வருஷத்துக்கு ஒண்ணோ ரெண்டோ தான் வரும்னு சொன்னேன்லா. அந்த ஒண்ணு, சரியா என் கல்லு இருக்க வேண்டிய எடத்து வழியா வந்துட்டா?

அன்னைல இருந்து அந்தக் கல்லு மேல கை வைக்க முடியல சார். கல்லாப்பெட்டி மேல இருந்து எடுத்துக் கீழ வச்சேன். கீழ இருந்து எடுத்துப் பெஞ்சுக்கு அடில வச்சேன். கண்ணு அங்கயே போவுது. செல்லக்கனி அதையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தா. நேத்துச் சாயந்தரம் இந்த மஞ்சப்பையைக் கொண்டாந்து பெஞ்சு மேல போட்டுட்டு, மூடை மூடையா யோசிக்காதிய, ஆவணிக்கு இன்னும் நாலு நாள்தான்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. திங்கக்கெழமை செவரை மூடிருவாவ. மூடினா ஒரு வருஷத்துக்குத் தொறக்க மாட்டாவ.

ஆலங்குளம் தாண்டிட்டோமா? அப்ப அடுத்து என் எறக்கந்தான்.

என்ன சொல்லிக் குடுக்கன்னுதான் வழி நெடுக யோசிச்சுக்கிட்டு வாரேன். பெஞ்சுக்கு அடில கெடந்துச்சு, நேத்துத்தான் பாத்தேன்னு சொல்லவா? அது பொய்யும் இல்ல, பெஞ்சுக்கு அடிலதானே கெடந்துச்சு. இல்லன்னா, எறக்கும்போது வண்டிக்காரன் ஒண்ணை மறந்துட்டான், இப்பத்தான் கொண்டாந்து குடுத்தான்னு சொல்லவா? அவன் பாவம், நல்ல பையன். வேற என்ன சொல்லலாம், நீங்க படிச்ச ஆளு, ஒண்ணு சொல்லுங்களேன்.

ஏன் சார் என் மூஞ்சியைப் பாக்காம இந்தப் பக்கமாப் பாத்துச் சிரிக்கிய? ஓ. ஆமா, காதுலதான் இருக்கு. தூத்துக்குடில ஏறுனதுல இருந்து இதைத்தான் பாத்துக்கிட்டு வாரியளா? வெயிலு, கொசுன்னு நான் சொன்னப்ப எல்லாம்? நல்ல ஆளு சார் நீங்க.

இருக்கட்டும். எனக்கு ஒரு வழி இருக்கு. கல்லு பதினோரு கிலோ. ஒத்தைக் கைல நிக்காது. வாசல்ல போயி பையில இருந்து எடுத்து, ரெண்டு கையாலயும் தாங்கிப் பிடிச்சுக்கிட்டே, எம்மா இது பெஞ்சுக்கு அடில கெடந்துச்சுன்னு சொல்லிட்டா, எந்தக் கை காதுக்குப் போகும்? எப்படி இருக்கு யோசனை?

ஆனா ஒண்ணு. சொல்லி முடிச்சதும் அந்தப் பிள்ள கல்லை வாங்கிக்கிடும். வாங்கிட்டுப் போயி அந்த ஓட்டைல வைக்கும். அப்ப என் ரெண்டு கையும் சும்மா இருக்கும். அப்ப அது திரும்பிப் பாத்து, நெசமாவா அண்ணாச்சின்னு ஒரு வார்த்தை கேட்டுச்சுன்னா நான் எங்க போவேன்? அந்தப் பிள்ளைகிட்ட இன்னொரு தரம் என் காதைக் காட்ட எனக்குத் தெம்பு இல்ல சார். வெக்கமா இருக்கு.

பாவூர்சத்திரம் வந்துருச்சு. அந்தப் பையைக் கொஞ்சம் தூக்கி விடுங்க. பாத்து, பாத்து, ரெண்டு கையால. ஆங், பிடிச்சுக்கிட்டேன். வாரேன் சார்.

கண்டக்டரே, எறங்கணும், விசில் அடிங்க. என்னது? துணியா இம்புட்டுக் கனக்கின்னு கேக்கீரா? துணி இல்லய்யா. ஈயம். பதினோரு கிலோ. துணின்னு பொய் சொன்னேன். லக்கேஜ் போட்டுக்கிடும், சட்டைப் பைல துட்டு இருக்கு, நீரே எடுத்துக்கிடும், எனக்குக் கை ஒழியல.

என்ன சார் அப்படிப் பாக்கிய? ஒரு ஒத்திகை பாத்தேன்.